பேட்டரியில் ஓடும் பெட்டி

ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் பாடுகிறவனுக்கு விசில் உண்டு. டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் கைதட்டல் உண்டு. கீபோர்டுக்காரன் தலையைச் சிலுப்பினால் அதற்கும் நாலு பேர் வாயைப் பிளப்பார்கள். பேஸ் கிதார்க்காரனை மட்டும் ஒரு நாயும் திரும்பிப் பார்க்காது. நாலு தடிக் கம்பியை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று தும் தும் என்று தட்டிக்கொண்டிருப்பான். கச்சேரி முடிந்ததும், "அந்த ஒசரமான ஆளு இன்னா பண்ணாரு, சும்மாவே நின்னுக்கினு இருந்தாரே?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போவார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்துப் பகலவனைப் பற்றி அப்படிக் கேட்காத ஊர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

கேட்டவர்களில் அவன் பெண்டாட்டி அமிர்தமும் ஒருத்தி. கல்யாணமான புதிதில் சங்கராபுரத்துக் கச்சேரியை முன்வரிசையில் குந்திக் கேட்டுவிட்டு, "எல்லாம் ஷோக்கா இருந்திச்சி மாமா. நீ எப்போ வாசிச்ச?" என்றாள். மனுஷன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கச்சேரி வருஷம் முழுக்கவா இருக்கிறது? ஆடியில் இருக்கும், பங்குனியில் இருக்கும். மற்ற நாளில் கூலி. தீபாவளி கழிந்தால் கரும்பு வெட்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகிற கொல்லைகளுக்கு மேஸ்திரி புருஷன் பெண்டாட்டி ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார். அவன் வெட்டுவான், இவள் காய்ந்த இலைச் சோகையைக் கழித்துக் கட்டுக் கட்டி, தலையில் தூக்கிப் பலகை மேல் ஏறி லாரியில் போடுவாள். கொல்லையோரத்தில் சோகை வேய்ந்த குடிசை. போன வருஷம் அந்தப் பலகையில் ஏறும்போதுதான் அமிர்தத்துக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக டிராக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுபடி இப்போது மூன்று மாதம். இந்த வருஷம் கரும்புக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் நினைப்பு. சாமியிடம் கேட்டால்கூட அதைத்தான் கேட்பாள்.

அதற்கு ஒரு வழி தானாக வந்து வாசலில் நின்றது. ஆடியில் கல்வராயன் மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. அங்கே வந்திருந்த சேலத்துப் பெரிய குழுவின் மாஸ்டர் பகலவன் வாசித்ததைக் கேட்டார். அவருடைய பேஸ்காரன் துபாய்க்குப் போய்விட்டானாம். ரிஷிவந்தியத்துக் கோயிலில் புரட்டாசி இரண்டாம் ஞாயிறு அவர்கள் கச்சேரி. "அன்னிக்கு ஒரு ராத்திரி எங்களோட உக்காந்து வாசி. சரியா வந்தா வருஷம் பூரா எங்க கூடவே இரு" என்று சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "தாளம் உங்கிட்ட சுத்தமா இருக்குது தம்பி. ஆனா கம்பிய அமுக்கறப்போ ஜிர்ருங்குது. நீ உன் சத்தத்தக் கேட்டு வாசிச்சவன் இல்ல. ஒரு சின்னப் பொட்டி வாங்கி வச்சு, வூட்ல குந்தி உன்னையே கேளு" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு வாஸ்தவம். பேஸ் கிதாருக்குப் பெட்டி இல்லாவிட்டால் சத்தம் இல்லை. மேடையில் இருக்கும் ஒரே பெட்டி ஜனங்களைப் பார்த்து இருக்கும், பின்னால் நிற்கிறவனுக்கு டிரம்ஸ் இரைச்சல்தான் கேட்கும். வீட்டில் என்ன செய்வான்? தகரப் பெட்டி மேல் கிதாரின் தலையை முட்டக் கொடுத்து, கட்டையில் தாடையை வைத்து அழுத்திக்கொண்டு வாசிப்பான். அப்போது எலும்பு வழியாகக் கொஞ்சம் கேட்கும். எட்டு வருஷமாக அவன் கேட்ட அவன் வாசிப்பு அவ்வளவுதான்.

பெட்டிக்குக் காசு எப்படிப் புரட்டினார்கள் என்பதை விடுங்கள், ஏழை வீட்டில் காசு வருகிற வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள், புருஷனும் பெண்டாட்டியும் கிதாரைத் துணியில் சுற்றிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்கள். மறுநாளிலிருந்து இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கத்தார் ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற தெருவில் சின்னக்கண்ணு கடை. ரேடியோ ரிப்பேர் பார்ப்பார், ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெட்டியும் கட்டித் தருவார். வாய் ஓயாத மனிதர்.

"பேஸுக்கா? பேஸுக்குப் பொட்டி வாங்க வர்றவன் பாதிப் பேரு ஏமாந்துதான் போவான். சத்தம் ஜாஸ்தியா கீதான்னு பாப்பான். சத்தம் இன்னா சத்தம், கழுதகூடத்தான் சத்தம் போடுது. அடிச்சத்தம் வருதான்னு பாக்கணும். குந்துங்க. எம்மா, நீ அந்த ஸ்டூல்ல குந்து."

முதலில் ஒரு பெரிய பெட்டியில் சொருகினார். பகலவன் ஒரு கம்பியைத் தட்டினான். அலமாரியில் இருந்த பழைய ரேடியோக்களின் கண்ணாடி எல்லாம் கடகடவென்று ஆடியது. தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்தான்.

"அய்ய, வாணாம்" என்றாள் அமிர்தம். "எங்க தெருவுல எட்டு வூட்டுக்கு ஒரே செவுரு. இத்தப் போட்டா பக்கத்து வூட்டு ஜெயம்மா வெளக்குமாத்த எடுத்துக்கினு வந்துடும்."

சின்னக்கண்ணு சிரித்தார். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். மெட்ராஸில் கப்பலில் வந்த சீமைச் சாமான் விற்கிற இடத்தில் பிடித்ததாம். கைக்கு அடக்கமாக, வெள்ளித் திருகுகள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டு, சும்மா பார்த்தாலே ஆசையாக இருந்தது. காதில் மாட்டிக் கேட்கிற கருவிக்கும் அதில் ஓட்டை இருந்தது. பகலவன் அதை மாட்டிக்கொண்டு வாசித்தான். கடையில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ரொம்ப நேரம் வாசித்தான். கடைசியில் காதிலிருந்து கழற்றிவிட்டு, "அமிர்தம், நானா இது?" என்றான்.

"இன்னா மாமா?"

"எல்லாம் தெரியுது. எங்க தப்பு வுடறேன்னு தெரியுது. ஒவ்வொரு வெரலும் தெரியுது."

அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவளுக்கும் கலங்கியது. இதையே வாங்கிவிடலாம் என்றுதான் அவளுக்கும் வாய்வரைக்கும் வந்தது. ஆனாலும் குடும்பம் நடத்துகிறவள் அல்லவா, ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, இது பேட்டரில ஓடுமா?"

"ஓடாதும்மா. கரண்டுதான்."

அவர்கள் வீட்டுக் கரண்டு என்பது குடிசைக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒற்றை விளக்கு. ஒரு பல்புக்கு மேல் எரியக் கூடாது. பிளக் வைத்தால் ஒயர்மேன் வந்து ஒயரையே அறுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஒற்றை பல்பும் சாயந்திரமானால் தீக்குச்சி மாதிரிதான் எரியும்.

சின்னக்கண்ணு கடைசியாக மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். அவரே கட்டியது. ஒட்டுப்பலகை, கறுப்பு ரெக்சின், மூலைக்கு மூலை ஆணி. முகப்பில் பழைய பாவாடைத் துணி போல ஒரு துணி. பார்க்கவே சகிக்கவில்லை.

"இது கரண்டுலயும் ஓடும், காரு பேட்டரிலயும் ஓடும். மலைமேல கச்சேரி பண்றவனுக்காக இப்பிடிக் கட்றது. பின்னால கிளிப்பு வச்சுத் தரேன், செவப்பு கறுப்பு பாத்து மாட்டிக்கினா போதும். காதுல மாட்டறது கெடையாது. ஆனா சின்னதா வச்சா சின்னதாக் கேக்கும்."

பகலவன் வாசித்தான். அந்த அழகுப் பெட்டியில் கேட்டதில் முக்கால்வாசி வந்தது. நல்ல சத்தம்தான், கெட்டிச் சத்தம். அவன் கண் மட்டும் வெள்ளித் திருகிலேயே இருந்தது.

"கரண்டு எங்கனா கேட்டுக்கலாம் அமிர்தம். நம்ப குழு மாஸ்டர் வூட்ல போயி வாசிச்சுக்கறேன்."

"மாஸ்டர் வூட்ல எத்தினி நாளு வுடுவாங்க? ஞாயித்துக்கெழம வரைக்கும் ராவும் பகலும் வாசிக்கணும்னு நீதான சொன்ன? பொன்னுரங்கம் அண்ணன் மைக்செட்டுல பேட்டரி சும்மாதான் கெடக்குது, கேட்டாக் குடுக்கும். அழகா மாமா முக்கியம்? நம்ப வூட்ல ஓடணும். ஓடாத பொட்டிய வச்சு இன்னா பண்றது, பூ போட்டுக் கும்புடறதா?"

"அது சரி" என்றான் பகலவன். அரைமனசுதான். ஆனால் அவள் சொன்னதில் எள்ளளவு பிசகு இல்லை. அவர்கள் வீட்டுக்கு அதுதான் சரியான பெட்டி.

கிளிப்பு வைக்க ஐந்து நிமிஷம் என்றார் சின்னக்கண்ணு. ஈயம் பற்றவைக்கிற கம்பி சூடாவதற்குள் தெருவில் கரண்டு போனது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தது. ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், கள்ளக்குறிச்சி வண்டி எல்லாவற்றையும் டெப்போவுக்கு விட்டுவிட்டார்கள். பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே படுத்தார்கள்.

விடிந்தால் மறியல். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் நிலக்கடலை மூட்டை ஏற்றிப் போன டெம்போக்காரன் ஒருத்தன் இரக்கப்பட்டு, ஊர் ஊராக உள்வழியில் புகுந்து எலவனாசூர்கோட்டைக்கு இப்பால் இறக்கிவிட்டான். அதற்கு மேல் நடைதான். அந்த ரோட்டை அமிர்தம் அப்படிப் பார்த்ததே இல்லை. இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத புளியமரங்கள் அடியோடு வெட்டுப்பட்டு ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. காய் முற்றாத கிளைகளை ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேற்கே கல்வராயன் மலை மழைக்குள் போயிருந்தது. தூறல் இங்கேயும் வந்தபோது பகலவன் சட்டையைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தினான்.

"பொட்டிய எந்தலைல வையி மாமா. நீ கிதாரோட எவ்ளோ தூரம் நடப்ப?"

"போன வருஷம் தூக்கினது பத்தாதா? கம்முனு வா."

அப்படியே ஒரு கூட்டுரோடு வரைக்கும் வந்துவிட்டார்கள். பெயர் எதற்கு, அந்த ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வெட்டிப் போட்ட மரத்துக்கு அந்தண்டை ரோட்டிலேயே அடுப்பு மூட்டி, அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. பெண்கள் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். மரத்தின் மேல் குந்தியிருந்த இளவட்டங்கள் இறங்கி வந்தார்கள்.

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க. கருணாபுரம்."

"அங்க எந்தத் தெரு? யாரு வூடு?"

இந்தக் கேள்விக்கு அர்த்தம் கேட்கிறவனுக்கும் தெரியும், கேட்கப்படுகிறவனுக்கும் தெரியும். பகலவன் பெட்டியைக் கீழே இறக்கினான். அந்த நேரம் பார்த்துப் பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், அது அமிர்தம்டா. நம்ப கொல்லைல களை வெட்டின புள்ள. வுடுங்கடா."

சின்னதுரை. ஏழு ஏக்கர் கரும்புக்காரர். கூலியைச் சாயந்திரமே கையில் கொடுத்துவிடுகிற மனிதர். அவரைப் பார்த்ததும் அமிர்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கும்புடறேங்க ஐயா. பஸ்ஸு இல்ல, நடந்தே வந்துட்டோங்க."

"சாப்டீங்களா? போயி ரெண்டு வாய் சாப்புடுங்க மொதல்ல."

சோறும் பூசணிக்காய்க் குழம்பும் கொடுத்தார்கள். இலையை வாங்கிக்கொண்டு இருவரும் தள்ளிப்போய் ரோட்டுச் சின்னப் பாலத்தின் கட்டையில் குந்தினார்கள். தள்ளிப் போ என்று யாரும் சொல்லவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடாத வயிறு, அமிர்தம் இலையை வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்தபோது சின்னதுரை பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது இன்னாப்பா, மைக்செட்டா?"

"இல்லீங்க ஐயா. கிதாரு பொட்டி. வூட்ல வாசிச்சுப் பழகறதுக்கு."

"கடலூர்லேந்து பேசறவரு வந்து ஒரு மணி நேரமாக் குந்திக்கினு கீறாரு. மைக்கு கீது. பொட்டியையும் கொழாயையும் காலைலயே போலீசு தூக்கிக்கினு போயிட்டான். ஒரு அரமணி நேரம் குடேன்."

"இது மைக்கு தாங்காதுங்க. அதோட கரண்டு..." என்று இழுத்தான் பகலவன்.

"ஆமா, கரண்டு இல்லியே" என்று சின்னதுரையும் திரும்பிவிட்டார். அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டியது. ஒரு பையன் பெட்டிக்குப் பின்னால் குனிந்தான். "சித்தப்பா, பேட்டரி கிளிப்பு தொங்குது பாரு! டேய், டிராக்டர இப்பிடி எட்றா!"

பகலவன் அமிர்தத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. வெறுமனே பார்த்தான். கரண்டில் மட்டும் ஓடுகிற அந்த வெள்ளித் திருகுப் பெட்டியை எடுத்திருந்தால் இந்நேரம் பாலத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். ஓடணும் ஓடணும் என்று சொன்னவள் அவள்தானே!

சின்னதுரை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் காலில் விழுந்தாவது கேட்டிருக்கலாம். அவர் பகலவன் தோளில் கையை வைத்தார். "எம்மவன் நல்ல மார்க்கு எடுத்துட்டு எடம் கெடைக்காம ரெண்டு வருஷமா வூட்ல குந்திக்கினு கீறான்ப்பா. படிச்ச புள்ள, எங்கூட ஏர் ஓட்றான். அதுக்குத்தான் கேக்கறோம். தப்பா? நீயே சொல்லு."

"தப்பில்லீங்க ஐயா."

"அப்புறம் இன்னா. நீயே மாட்டி வுடு. எங்க பசங்க எதையாச்சும் புடுங்கிப்புடுவானுங்க."

அந்த ரோட்டில், அந்தச் சோற்றைத் தின்ற பிறகு, யார் மாட்டேன் என்று சொல்வது? பகலவன் சிவப்பைப் பார்த்துச் சிவப்பில் மாட்டினான். கறுப்பைக் கறுப்பில் மாட்டினான். மைக்கைச் சொருகியதும் பெட்டி ஊய்ய் என்று ஒரு விசில் அடித்தது. கூட்டம் கைதட்டியது. கடலூர்க்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். வீட்டுக்குள் வாசிக்கக் கட்டிய பெட்டி, திறந்த வெளியில் எவ்வளவு தூரம் போகும்? மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்கவில்லை. "சத்தம் வையி! சத்தம் வையி!" என்று கத்தினார்கள். பகலவன் திருகைப் பொட்டுப் பொட்டாக ஏற்றினான். ஏற்ற ஏற்றப் பெட்டி அடித்தொண்டையில் கரகரத்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதை அமிர்தம் பாலத்திலிருந்து பார்த்தாள்.

பேச்சு பாதியில் இருக்கும்போது தெற்கேயிருந்து இரண்டு போலீஸ் வண்டிகள் வந்தன.

பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்டா கவிழ்ந்து சோறெல்லாம் சேற்றில் கொட்டியது. இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. பத்து அடி ஓடினால் யாரையும் பிடிக்க முடியாது. கடலூர்க்காரர் மைக்கைக் கையில் பிடித்தபடியே ஓடி, ஒயர் இழுத்து, மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். பகலவன் மட்டும் ஓடவில்லை. டிராக்டருக்கு அருகில் குனிந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த பேட்டரி முனையைக் கவ்விக்கொண்ட கிளிப்பு வரமாட்டேன் என்றது.

"மாமா, வுட்டுட்டு வா! பொட்டி போனாப் போவுது, வா மாமா!"

கேட்டதோ இல்லையோ. முதல் லத்தி பெட்டியின் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அடுத்தது குறுக்கே நீட்டிய அவன் இடது கையில் விழுந்தது.

கிதாரைத் தூக்கிக்கொண்டு அமிர்தம், அவனையும் பெட்டியையும் ஏற்றிப் போன வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் விட்டிருந்தது. உள்ளே கம்பிக்குப் பின்னால், அன்று பல இடங்களில் பிடித்த முப்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். சின்னதுரையும் இருந்தார், நெற்றி வீங்கியிருந்தது. பெட்டி எழுத்தர் மேஜை மேல் இருந்தது. வாசற்படியிலேயே நின்று கும்பிட்டாள்.

சப்இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை போலும், கண் இரண்டும் சிவந்திருந்தன. "யாரும்மா நீ?"

"தோ அவரு சம்சாரங்க சார். எங்களுக்கும் மறியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நாங்க கருணாபுரம் காலனிங்க."

"சங்கத்து ஆளு இல்லன்னா எதுக்கு மைக்கு போட்டான்?"

"கேட்டாங்க சார். குடுத்தோம்."

"கேட்டாக் குடுத்துடுவீங்களா?"

"கேட்டாங்க சார்" என்றாள் மறுபடியும். இதைவிடப் பெரிய உண்மை அவளிடம் இல்லை.

கம்பிக்குள்ளிருந்து சின்னதுரை எழுந்து நின்றார். "சார், அந்தப் புள்ள சொல்றது நெஜம். அவன் எங்க ஆளு இல்ல. நாந்தான் வம்படியா மாட்டச் சொன்னேன். அவன் கச்சேரி வாசிக்கிறவன். வேணும்னா வாசிச்சுக் காட்டச் சொல்லிப் பாருங்க. எங்க தண்டனய நாங்க அனுபவிச்சுக்கறோம், அவன வுட்டுடுங்க."

சப்இன்ஸ்பெக்டர் பகலவனை வெளியே கொண்டுவரச் சொன்னார். "கச்சேரிக்காரனா நீ? சரி, வாசி பாக்கலாம். நெஜமா வாசிச்சா யோசிக்கலாம்."

அமிர்தம் கிதாரை நீட்டினாள். அப்போதுதான் அவன் கையைக் கிட்டத்தில் பார்த்தாள். நடுவிரலும் மோதிர விரலும் கத்தரிக்காயாக வீங்கியிருந்தன. ஏட்டு பெட்டியை ஸ்டேஷன் பிளக்கில் மாட்டினார். பகலவன் ஸ்டூலில் குந்தி, இரண்டு விரலை மடக்கிக்கொண்டு மற்ற இரண்டால் கம்பியை அமுக்கினான்.

தும். தும்தும். தும்.

கிழிந்த பெட்டி தகரம் போல ஜிர்ரென்றது. அந்த வருஷம் எல்லாப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஓடிய காதல் பாட்டு அது. ரிஷிவந்தியத்தில் முதல் பாட்டாக வாசிக்கவிருந்தது. அவனுக்குப் பாட்டு முழுக்க உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். கேட்கிறவர்களுக்குத் தும் தும்தான். போலீஸ்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிறுத்துடா" என்றார் சப்இன்ஸ்பெக்டர். "இதுல பாட்டு எங்க இருக்குது? யாரை ஏமாத்தற?"

"பாட்டுதாங்க சார். இது பாட்டுக்கு அடியில போறதுங்க. மேல யாராச்சும் பாடணுங்க."

"மேல யாரு பாடறது, நானா?"

ஏட்டு சிரித்துவிட்டார். கம்பிக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். பகலவன் தலையைத் தொங்கப் போட்டான். எட்டு வருஷமாக மேடை மேடையாகக் கேட்ட அதே கேள்வி, கடைசியில் ஸ்டேஷனிலும் வந்து நிற்கிறது பாருங்கள்.

"நீ வாசி மாமா" என்றாள் அமிர்தம்.

அவள் எந்த மேடையிலும் பாடியவள் இல்லை. இத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், காக்கிச் சட்டைக்கு எதிரில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பாட ஆரம்பித்தாள். முதல் அடியில் குரல் கம்மிப்போய் உடைந்தது. பகலவன் அவளுக்காக ஒரு சுற்று காத்திருந்து மறுபடி எடுத்தான். இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டாள். அப்போது, ஆச்சரியம், அந்தத் தும் தும் வந்து அவள் பாட்டுக்கு அடியில் உட்கார்ந்தது. அவள் இழுக்கிற இடத்தில் இழுத்தது, மூச்சு வாங்குகிற இடத்தில் நின்று காத்திருந்தது. இது இல்லாவிட்டால் தன் குரல் எப்போதோ கீழே விழுந்திருக்கும் என்று அமிர்தத்துக்குத் தெரிந்தது. நீ எப்போ வாசிச்ச என்று கேட்டேனே பாவி என்று நினைத்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் பாடினாள்.

ஏட்டின் விரல் மேஜையில் தாளம் போட்டது. வாசலில் காவலுக்கு நின்றவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கம்பிக்குள் குந்தியிருந்தவர்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு முடிந்தது.

"நல்லாத்தான்யா வாசிக்கிறான்" என்றார் சப்இன்ஸ்பெக்டர். நிஜமாகவே சொன்னார். அமிர்தம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினாள்.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, எத்தினி பேருன்னு இவனையும் சேத்து மத்தியானமே ஒயர்லெஸ்ல சொல்லியாச்சு. கடலூர் ஜெயில்ல அந்தக் கணக்குக்குத்தான் எடம் போட்டிருக்காங்க. ஒரு தலை கொறஞ்சா உங்களத்தான் கேப்பாங்க."

சப்இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் எடுத்து உள்பக்கம் பார்த்தார். பகலவனைப் பார்க்கவில்லை. அவளையும் பார்க்கவில்லை.

"வண்டியில ஏத்துங்க" என்றார்.

அமிர்தம் ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தாள். "சார், நீங்களே நல்லா வாசிக்கிறாருன்னு சொன்னீங்களே சார். வவுத்துல புள்ள கீது சார். ஞாயித்துக்கெழம அவரு வாசிக்கலன்னா நான் கரும்புக்குத்தான் போவணும் சார்." அவர் காலை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "எங்கையில இல்லம்மா" என்றார். பொய் சொல்லவில்லை. அந்த ஸ்டேஷனில் யார் கையிலும் எதுவும் இல்லை.

பகலவன் கிதாரை அவளிடம் கொடுத்தான். "நனையாமப் பாத்துக்கோ. ஜெயம்மாவ கூட வச்சுக்கோ" என்றான். வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தான், பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். சின்னதுரை ஏறும்போது அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர்த்தெருக்காரர் ஒருத்தர் அவளைக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை, அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? வண்டி கிளம்பிக் கிழக்கே போனது.

மேஜை மேல் பெட்டி இன்னும் ம்ம்ம் என்று இரைந்துகொண்டிருந்தது. ஏட்டு அந்தத் திருகை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்தார். இரைச்சல் ஏறியதே தவிர அடங்கவில்லை.

"எம்மா, இத்த எப்பிடி நிறுத்தறது?"

அமிர்தத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தவனை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஏட்டு ஒயரைப் பிடித்து இழுத்தார்.